செலீன் கழற்றிய அன்பளிப்பு

மோர்னிங்சைட்டில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் ஆட்களுக்கு ஒரு குணம். யார் எதைக் கொடுத்தாலும் பெயர் ஒட்டுவோம். ஒட்டியதை, பழுதானாலும், ஒருவரும் தொடமாட்டோம். பூசையை நேரலையில் அனுப்பும் கணினிக்குள்ளேயும் வீடியோ காட் என்ற ஒரு பழைய அட்டை உண்டு. அதிலும் 'அன்பளிப்பு: பஸ்ரியன் குடும்பம்' என்று ஒட்டியிருக்கிறது. அதை யாரும் பாவிப்பதில்லை.

எங்கள் கோயில் பிள்ளை ஜூலியின் கலியாணத்துக்கு முதல்நாள் அந்தக் கணினி வேலைகாட்டியது. ஜூலியின் தாய் மன்னாரில். இங்கே வர வீசா கொடுக்கவில்லை. மகளுக்குத் தாலி ஏறுவதைப் பார்க்க அவருக்கு இந்த நேரலையை விட்டால் வேறு வழியில்லை. ஒத்திகையில் படம் கொஞ்ச நேரம் ஓடி அப்படியே நின்றது. திரையில் ஒரு எச்சரிக்கை: ஏதோ கருவி கூப்பிடுகிறது, கவனிக்க ஆளில்லை.

"அந்த மெசேஜ மறைச்சு விடுங்கோ அக்கா" என்றான் கோயில் கமிற்றியில் இருக்கும் றொய்சன்.

"மறைச்சா கணினிக்கு வந்த வருத்தம் மாறுமோடா?" என்றாள் செலீன்.

வாயாடி. பிக்கரிங்கில் ரயிலேறி, நாள் முழுக்க ஒஃபீசில் கணினிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, பிறகு கோயில் கணினியைப் பார்க்க எங்களிடமும் வந்து நிற்பாள். இந்தக் கமிற்றியைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். அவளுக்காகத்தான் நானும் உதவிக்குப் போகிறேன்.

"வீட்டு பெல் விடாமல் அடிக்குது, அடிக்கிறது ஆரெண்டு ஒருத்தரும் பாக்கேல்ல. கடைசியில கணினியே அந்த பெல் வயர வெட்டிப்போடுது. கமராவும் அதே வயரில. அதுவும் சேர்ந்து செத்துப்போகுது" என்றாள். அந்த வயரில் வேறு என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். பஸ்ரியன் அண்ணையின் காட்!

கமிற்றிப் பெரியவர் ஒருவர் பின்வாங்கினார். "மனுசன் கோவிச்சா இனிக் கோயில் பக்கமே வராது, விடு பிள்ளை." அடடா, என்ன வீரம்! செலீன் நேரே அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணை, கோவிக்கிறதெண்டா கோவியுங்கோ. உங்கட காட்தான் சும்மா பெல் அடிக்குது. கழட்டப்போறன்."

போனை எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் வைத்தாள்.

"கழட்டு பிள்ளை" என்றார் பஸ்ரியன் அண்ணை. "மன்னாரில சனம் பாக்கட்டும் எண்டுதானே குடுத்தனான்."

கழற்றினாள். கோயில் பூட்டும் வரை ஓடவிட்டுப் பார்த்தாள். படம் நிற்கவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

மறுநாள், தாலி ஏறுவதற்குச் சற்று முன், ஜூலி கமராவின் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தாள். ஏனென்று எங்களுக்கு விளங்கவில்லை. பூசை முடிந்ததும் மன்னாரிலிருந்து தாய் போனில் வந்தார். செலீன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குனிஞ்சனி எல்லே பிள்ளை? நான் இஞ்ச இருந்து, திரையில தெரிஞ்ச உன்ர நெத்தியில சிலுவை போட்டனான்."