ஒரே எண் அடுத்தடுத்து வராத தாள்

மருந்துக் கிடங்கில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அப்பாவையே சந்தேகப்பட வேண்டியதாகிவிட்டது.

குளிரறைக் கதவில் முள் வைத்த வெப்பமானி ஒன்று உண்டு. மணிக்கொரு தடவை அதைப் பார்த்துத் தாளில் எழுதுவது அப்பாவின் வேலை. தாளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது மகளின் வேலை. அவள் போட்டால்தான் தடுப்பூசிப் பெட்டிகள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்.

"பட்டதாரியம்மா, கையெழுத்துதானே கேட்டேன், காவியமா எழுதுறீங்க?" வாசலில் லாரி டிரைவர் ஹாரனை அமுக்கினார்.

அவள் நிமிரவில்லை. 4.9, 5.1, 5, 4.8... இரண்டு டிகிரிக்குக் கீழே போனாலோ எட்டைத் தாண்டினாலோதான் ஆபத்து. எல்லாம் அளவுக்குள்தான் இருந்தன. ஆனாலும் ஏதோ உறுத்தியது. விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். வாரம் முழுக்க ஓரிடத்தில்கூட ஒரே எண் அடுத்தடுத்து வரவில்லை.

கல்லூரியில் அவளுக்கு எட்டிக்காயாய்க் கசந்தது புள்ளியியல் வகுப்பு. காசை நூறு தடவை சுண்டி, பூவா தலையா என்று எழுதி வரச் சொன்னார் வாத்தியார். அவள் பஸ்ஸில் உட்கார்ந்தபடி மனம்போல நிரப்பினாள். அவர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"நீ காசைத் தொடவே இல்ல. நிஜமாச் சுண்டினா ஆறு தலைகூடத் தொடர்ந்து விழும். பொய் எழுதுறவங்கதான் அதுக்குப் பயந்து மாத்தி மாத்திப் போடுவாங்க."

வகுப்பே சிரித்தது. மூன்று வருடம் அந்த மனிதரைக் கரித்துக்கொட்டினாள். இப்போது அவர் கண்ணால் அப்பா எழுதிய எண்களைப் பார்க்கிறாளே, படித்த திமிரா இது? பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

"அப்பா, நிஜமாவே போய்ப் பாத்துதான் எழுதுறீங்களா?"

அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பெத்த அப்பனையே விசாரிக்கிறியா?"

"ஒரே நம்பர் திரும்ப வரவே இல்லையே."

"எங்க வரவிட்டாங்க? முன்னாடி இருந்த சூப்பர்வைசர், 'உக்காந்த இடத்துலயே காப்பியடிக்கிறியா'ன்னு எல்லார் முன்னாடியும் கிழிச்சுட்டாரு. அதுலேருந்து கொஞ்சம் முன்னப்பின்ன போட்டுடுவேன். முள்ளு என்னமோ அஞ்சுலதான் நிக்குது."

"எப்பவுமேவா?"

"பத்து நாளா அசையல. அவ்ளோ நல்ல மெஷினு!"

அவள் குளிரறைக் கதவுக்கு ஓடினாள். வெப்பமானியின் கண்ணாடியைத் தட்டினாள். முள் அப்படியே நின்றது. அலமாரியிலிருந்த கைவெப்பமானியைப் பெட்டிகளுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்தினாள். கால் மணி நேரம் கழித்து எடுத்தபோது அது பதினொன்று காட்டியது.

அப்பாவின் முகம் வெளுத்தது.

லாரி வெறுமையாய்த் திரும்பியது. அவள் தாளில் எழுதினாள்: 'முள் நின்றுவிட்டது. பெட்டிகளை அனுப்பக் கூடாது.'

"அவ்ளோதானா எழுதுவே?" என்றார் அப்பா.

கெஞ்சுகிறாரா, சோதிக்கிறாரா? அவளுக்குப் பிடிபடவில்லை. வாத்தியாரிடம் மாட்டிய அன்று தானும் இப்படித்தான் நின்றிருப்பாளோ? அடுத்த வரியையும் எழுதினாள்: 'எண்கள் மாற்றி எழுதப்பட்டுள்ளன.' வாசித்தும் காட்டினாள்.

அப்பா பேனாவை வாங்கி, அடுத்த கட்டத்தில் பதினொன்று என்று எழுதினார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கைவெப்பமானியைப் பார்த்தபோதும் பதினொன்றுதான். பேனா தாளுக்கு மேலே சற்றுத் தயங்கியது. மகள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்பா மறுபடியும் பதினொன்று என்றே எழுதினார்.