பக்கத்து வயல் கேட்ட விண்கப்பல்

கல்லூரிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது கலியமூர்த்தி சாரின் மனைவி சரஸ்வதியின் போன் வந்தது. "அவரு போயிட்டாருக்கா" என்றார். "கண்ணாடிப் பெட்டியில நாத்து நிக்குது. நீங்க வந்து ஒரு தடவ பாக்கணும்" என்று சேர்த்துக்கொண்டார். கலியமூர்த்தி வீட்டில் துக்கச் செய்திகூட நாற்றோடுதான் வரும். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கலியமூர்த்தி வலங்கைமான் பக்கத்துக்காரர். அடுத்தவர் வயலில் நடவு நட்டு அவரைப் படிக்கவைத்தவர் அவருடைய அம்மா. நான் இயற்பியல் கற்பிக்கும் தஞ்சாவூர்க் கல்லூரியில் அவர் தாவரவியல் ஆசிரியராக வந்து சேர்ந்தபோது, வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போய்க்கொண்டிருந்தார்கள். இவர் அதைவிடத் தொலைவுக்கு வழி தேடினார். இன்னொரு நட்சத்திரத்துக்குப் புறப்படும் கப்பல் போய்ச்சேரப் பல தலைமுறை ஆகும். ஏறியவர்கள் வழியிலேயே இறப்பார்கள். பேரப்பிள்ளைகள் வழியிலேயே பிறப்பார்கள். அத்தனை பேரும் எதைச் சாப்பிடுவார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

"முதல்ல ராக்கெட் கிடைக்கட்டும் சார், அப்புறம் சோறு வடிக்கலாம்" என்று கிண்டல் செய்தேன்.

"ராக்கெட் உங்க டிபார்ட்மென்ட், மேடம். உலை என்னோடது" என்றார்.

ஒருநாள் டீ குடிக்கும்போது திடீரென்று கேட்டார்: "உங்க அத்தா துபாய் போறப்ப உங்களக் கேட்டாங்களா?"

நாகப்பட்டினத்தில் வளர்ந்த எனக்குச் சுருக்கென்றது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா போனபோது எனக்கு மூன்று வயது. "என்னை யாரு கேட்டா? ஆனா என் வாழ்க்கையே அதாலதான் இப்படி ஆச்சு."

"கப்பல்ல பொறக்கப்போற புள்ளைங்களயும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. சோறாவது உறுதியா இருக்கணும்ல" என்றார். அன்றோடு கிண்டலை விட்டேன்.

கல்லூரித் தோட்டத்தில் ஒரு கண்ணாடி அறை கட்டினார். அதே மண், அதே தண்ணீர், உள்ளே விளைந்த நெல்லே அடுத்த விதை. வெளியிலிருந்து ஒரு புல்கூட உள்ளே போகக்கூடாது. ஏழு போகம் அப்படியே விளைந்தது. எட்டாவதும் விளைந்தால் வெளிநாட்டில் கட்டுரை படிக்கலாம். அங்கேயே ஆராய்ச்சி வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

எட்டாம் போகத்தில் ஒரு மூலை நாற்று அழுகியது. எங்கள் பக்கம் நாற்று பற்றாவிட்டால் பக்கத்து வயலில் நாலு முடி, அதாவது நாலு கட்டு நாற்று, வாங்கி நடுவது வழக்கம். யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அவர் கையும் பழக்கத்தில் அதையே செய்துவிட்டது. தோட்டத்தை ஒட்டிய வயலில் ஒரு முடி வாங்கிவந்து உள்ளே நட்டுவிட்டு, கை கழுவும்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது.

நேரே என்னிடம் வந்தார். "பிடுங்கிப் போட்டுடுங்க சார், யாருக்குத் தெரியப்போவுது" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"பிடுங்கிடலாம். ஆனா கப்பல்ல ஒரு மூல நாத்து அழுவுனா என்ன செய்வாங்க மேடம்? அங்க பக்கத்து வயலே கிடையாதே" என்றார். வீணாய்ப்போன வருடங்களைப் பற்றிய கவலையைவிட இந்தக் கேள்விதான் அவர் முகத்தில் தெரிந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினார். அழைப்பு வரவில்லை. இரண்டு வாரம் கண்ணாடி அறைப் பக்கமே போகாமல் இருந்தவர், பிறகு ஒருநாள் என் வகுப்பு வாசலில் நின்றார். "ஒத்தக் கப்பல் கூடாது மேடம். ரெண்டா சேந்து போவணும். ஒண்ணுல கொறஞ்சா மத்ததுல வாங்கிக்கலாம்."

அதன்பின் வீட்டுக் கொல்லையில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். நடுவில் ஒரு சிறு கதவு. கடைசிவரை அவருடைய ஆராய்ச்சி அதுதான்.

எல்லாம் முடிந்து ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகு சரஸ்வதி என்னைக் கொல்லைக்கு அழைத்துப்போனார். "அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஒரு பெட்டியில பாதி கருகிடுச்சுக்கா. நடுக்கதவத் தொறந்து மத்ததுலேருந்து பிடுங்கி நட்டுட்டேன். அவரு ஆராய்ச்சியக் கெடுத்துட்டேனா?"

"இல்லம்மா. அவரு சொன்னதத்தான் செஞ்சிருக்க" என்றேன். அப்போதுதான் சரஸ்வதி அழுதார்.

குனிந்து பார்த்தேன். நட்டதெல்லாம் பச்சை பிடித்துவிட்டது சார். போய் வாருங்கள்.