கிழக்குச் சன்னலில் வெறும் சிலுவை

கோயிலைப் புதுப்பித்தபோது, கிழக்குச் சன்னல் ஒன்றை என் கணவர் நினைவாக வைக்கலாம் என்றார் பங்குச்சாமியார். வண்ணக் கண்ணாடிக்கு இரண்டு படங்கள் காட்டினார். ஒன்றில் ஆணியறைந்த இயேசுவோடு சிலுவை. மற்றதில் சிலுவை மட்டும். மரம் பச்சை, பின்னால் மஞ்சள், அடியில் ஒரு சிவப்புத் துண்டு. பச்சை உயிருக்கு, மஞ்சள் உயிர்ப்புக்கு, சிவப்பு சிந்திய இரத்தத்துக்கு என்றார். நான் யோசிக்கவே இல்லை. வெறும் சிலுவையைக் காட்டினேன்.

வீட்டில் மாமியார் பிடித்துக்கொண்டார்.

“அது சபைக்காரவுக, அந்தப் புராட்டஸ்டண்டுக சிலுவையில்ல? நம்ம சிலுவையில சேசு இருக்கணும். பாதமே இல்லாட்டி பெரிய வெள்ளிக்கு எங்க முத்தங் குடுத்து முத்தி பண்ணுறது?”

“ஏன் அத்தே, சன்னல்ல ஏறி யாரு முத்தி பண்ணப் போறாக?” என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

உண்மைக் காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வேன்? கடைசி மாதங்களில் அவர் மகன் கட்டிலில் கிடந்த கோலம் அப்படி: கைகள் இரண்டும் விரிந்து, விலா எலும்பு தெரிய. அதற்குப் பிறகு, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பூசை முழுக்கத் தலை குனிந்தே இருப்பேன். ஊர் அதைப் பக்தி என்று நினைத்தது. பெற்றவளிடம் போய் இதைச் சொல்ல மனம் வரவில்லை. சன்னலை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

சாமியார் சன்னலை மந்திரித்து ஆசீர்வதித்த ஞாயிறு, எங்கள் செக்காலை வீட்டிலிருந்து ஆட்டோவில் பேசாமலே போனோம். பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்தோம். பிரசங்கம் நீண்டது. வெயில் ஏற ஏற, சன்னல் வழியே எதிர்ச்சுவரில் விழுந்திருந்த சிலுவை வெளிச்சம் தரைக்கு இறங்கி, மெல்ல நகர்ந்து, மாமியார் மடிக்கு வந்தது. அவர் உள்ளங்கையை விரித்து அந்த வெளிச்சத்தை ஏந்தினார். பிறகு கையை உதட்டுக்குக் கொண்டுபோய் முத்தி செய்தார்.

“ஏத்தா, இங்குட்டு நகந்து உக்காரு.”

நகர்ந்தேன். என் கையையும் இழுத்து வெளிச்சத்தில் வைத்தார்.

“அவன் கட்டில்ல கெடந்ததே கண்ணுல நிக்கிது எனக்கு. ஒனக்குமாத்தா?”

தலையாட்டினேன். கண் நிறைந்துவிட்டது.

“நல்லதாத்தான் பாத்து வச்சிருக்க. சேசு எறங்கிட்டாரு. எம்மகனுக்கும் இனி வலியில்ல.”

அந்தச் சன்னலுக்கும், அதைவிட அந்த வார்த்தைக்கும், இன்றுவரை ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். இப்போதெல்லாம் பூசையில் நிமிர்ந்துதான் உட்காருகிறேன்.