காப்பிப் பூவிடம் கேட்ட தேதி

மலைப்பாதையில் மரம் சாய்ந்து, சேலம் பஸ் சில நாள் மேலே வராமல் நின்றதே, அந்த வருஷம் நடந்தது இது. பேப்பரும் வரவில்லை, தக்காளியும் வரவில்லை. தக்காளி இல்லாத ரசத்துக்கே பழகிவிட்டோம். ஆனால் ஏற்காடு நூலகத்து வாசலில் இருந்த கரும்பலகை ஒரு நாளும் வெறுமையாக நின்றதில்லை. அங்கே கூட்டிப் பெருக்கும் வேலை எனக்கு. நேற்றைய எழுத்தை நான் ஈரத்துணியால் துடைத்ததும், இன்று பிறந்த எழுத்தாளர் யார், இதே நாளில் வந்த புத்தகம் எது என்று நூலகர் ஐயா எழுதுவார். எனக்குப் படிப்பு கிடையாது. அதனால் வாசித்தும் காட்டுவார். "எழுதோணும்னு ஆசைப்பட்டுத் தயங்கறவன் எவனாவது இந்தப் பக்கமாப் போவானுங்க. அவனுக்குத்தான்" என்பார்.

ஒரு நாள் என் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் வேலை. கை வேலை செய்தால் வாய் பாட்டுக் கட்டும். வாசலில் நின்று அவள் முணுமுணுத்தது ஐயா காதில் விழுந்துவிட்டது.

பூவெல்லாம் எஸ்டேட்டுக்கு, வாசம் மட்டும் எனக்கு;
மூட்டையெல்லாம் லாரிக்கு, முதுகுவலி எனக்கு.

அவளே கட்டியது என்றதும் ஐயா சாக்பீஸை எடுத்துவிட்டார்.

"பொறந்த தேதி சொல்லுங்கம்மா. அன்னைக்குப் பலகையில போட்டர்லாம்."

"அது எங்கம்மாளுக்கே தெரியாதுங்க. ஏனுங்க, செத்தவங்கள எழுதற பலகையில என்னையும் ஏத்தப் பாக்கறீங்களா?"

"தேதி இல்லாம எப்படிங்கம்மா எழுதறது?" ஐயாவுக்கு முகம் வாடிவிட்டது.

அவளுக்கும் பாவமாகிவிட்டது போல. "இந்தப் பாட்டு வந்தது காப்பி பூத்த அன்னைக்குங்க. அது பூக்கறப்ப எழுதுங்க. தேதியப் பூவுகிட்ட கேட்டுக்கங்க."

கேட்டுக்கொண்டார் மனிதர். கோடை மழை விழுந்துவிட்டால் தினமும் என்னிடம் "பூத்துதுங்களா?" என்பார். ஒரு காலையில் மலையே வெள்ளையாகக் கிடக்கும். அன்று எவ்வளவு பெரிய எழுத்தாளர் பிறந்திருந்தாலும், அவருக்குக் கீழே இவள் பாட்டும் இருக்கும். "நொம்பப் பெரிய ஆளுங்களோட நிக்க வெச்சுட்டாரு" என்று ஐயாவைத் திட்டிக்கொண்டே, நல்ல சேலை கட்டி, டவுனுக்கு வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போவாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது.

ஐயா ஓய்வு பெற்றுச் சேலத்துக்கு இறங்கிவிட்டார். அவள் போன மழைக்காலத்தில் தவறிவிட்டாள். இப்போதைய நூலகர் நல்ல பெண்; பலகையை விடவில்லை, செல்போனைப் பார்த்து எழுதுகிறார். காப்பி பூக்கும் நாள் செல்போனில் எங்கே இருக்கும்? நானும் வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறேன்; முழங்கால் மடங்குவதில்லை, டவுனுக்குப் போக ஜீப் ஏற முடியாது. இந்த ஆண்டு மழை விழுந்து மொட்டுக் கட்டிவிட்டது. டவுனுக்குப் போகிறவர்கள் யாராவது, மலை வெளுத்த அன்று நூலகத்தில் ஏறி, "கண்ணு, அந்தப் பாட்டு பொறந்தது இன்னைக்குத்தான்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டே அடிதான். அதையும் சொல்லிவிடுங்கள்.