பத்து மடங்கு தீப்பெட்டி

ஏழாம் வகுப்பில் எங்கள் கணக்கு டீச்சர், பள்ளிக் கண்காட்சிக்காக ஏதாவது ஒரு பொருளைப் பத்து மடங்கு பெரிதாகச் செய்து கொண்டுவரச் சொன்னார். மற்ற பிள்ளைகள் அழி ரப்பர், தாயக்கட்டை என்று யோசித்துக்கொண்டிருக்க, எனக்கு அந்தக் கவலையே இல்லை. நாரணாபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லாமல் தீப்பெட்டி கிடந்தது. கம்பெனியிலிருந்து அட்டை லோடு வரும். அம்மா அதை மடித்து, பசை தடவி, வெறும் பெட்டிகளாக்கித் திருப்பி அனுப்புவாள்.

நான்தான் பெரிய புத்திசாலி ஆயிற்றே. பத்து மடங்குப் பெட்டிக்குப் பத்துப் பெட்டியின் அட்டை போதும் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு பெட்டியை அளந்து, நீளத்தையும் அகலத்தையும் பத்தால் பெருக்கி, அதன் மேல்பக்கத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். பத்துப் பெட்டிகளை அதற்குள் அடுக்கினால் ஒரே ஒரு வரிசைதான் நிரம்பியது. மிச்ச இடத்தில் ஒரு பூனை தாராளமாகப் படுக்கலாம்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏட்டி, நீளத்துக்கு மட்டும் பத்து வச்சிட்டியே, அகலம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அகலத்துக்கும் பத்து வரிசை வைத்துப் பார்த்தபோதுதான், பத்து இல்லை, நூறு பெட்டியின் அட்டை வேண்டும் என்று உறைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா மளிகைக் கடையில் பழைய அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி வந்து, பெரிசா இருந்தா என்ன, மடிக்கிற மடிப்பு ஒண்ணுதானே என்று சொல்லிக்கொண்டே ஒரு மூச்சில் ஒட்டி முடித்தாள்.

அதை நான் பள்ளியில் காட்டும்போது அவள் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசையெல்லாம். வேலை கெட்டுரும் என்று அவள் ஒருநாளும் பள்ளிக்கூடப் பக்கம் வந்ததில்லை. நல்லவேளை, கண்காட்சியன்று லோடு வரவில்லை. கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் வந்து, கூட்டத்தின் கடைசியில் நின்றாள்.

இந்தப் பெட்டி அடைத்திருக்கிற இடத்தை நிரப்ப எத்தனை நிஜத் தீப்பெட்டி வேண்டும் என்று டீச்சர் கேட்டார். எல்லாரும் நூறு என்றார்கள். நூறு வைத்தால் ஓர் அடுக்குதான் ஆகும், உயரத்துக்கும் பத்து அடுக்கு வேண்டாமா? ஆயிரம் என்று கத்தினேன். கைதட்டினார்கள்.

அம்மா மெதுவாக முன்னால் வந்தாள். "ஆயிரம்னா கிட்டத்தட்ட ஏழு குரோசு," என்றாள். நூற்று நாற்பத்து நான்கு பெட்டி சேர்ந்தால் எங்கள் ஊரில் ஒரு குரோசு. "காலையில உக்காந்தா பொழுதடையிற வரைக்கும் நான் ஒட்டுறது அம்புட்டுதான், டீச்சர். அப்ப என் ஒரு நாளு இதுக்குள்ளயே அடங்கிருதா?"

அம்மா பெட்டியின் இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். என் விடையைத்தான் சரிபார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"ஆமாம்மா, கச்சிதமா அடங்கிரும்," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.