ஜூன் இருபத்தைந்துக்கு முன்னால்

ராய்மோ கெட்டுனென் கனடாவில் எங்கள் தண்டர் பே ஊரில் இருபத்தாறு வருஷம் நிதி ஆலோசகராக இருந்தார். அதில் பதினெட்டு வருஷம் நான் அவருடைய உதவியாளர். வரிச் செய்தி எது வந்தாலும் அன்றே படித்து, புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதி வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிடுவார். அவருடைய அப்பா எந்த ஏற்பாடும் செய்யாமல் இறந்தவர். இங்கே சட்டப்படி, இறந்த அன்றே சொத்தை விற்றதாகக் கணக்கிட்டு வரி வந்தது. அதைக் கட்ட ஏரிக்கரை வீட்டையே விற்க வேண்டியதாயிற்று.

"எங்களுக்கு யாரும் முன்னாடியே சொல்லல, மார்லீன்" என்பார் என்னிடம்.

2024 ஏப்ரல் பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. சொத்து விற்ற லாபத்தில் அதுவரை பாதிக்குத்தான் வரி. இனி இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டிய லாபத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு வரி. ஜூன் 25 முதல். சட்டம் இன்னும் நிறைவேறவில்லை. ஆனாலும் எங்கள் போன் ஓயவில்லை.

ஐலி லாஹ்தினெனை ராய்மோவே அழைத்தார். எழுபத்தொன்பது வயது, கணவர் ஐனோ போய் ஒன்பது வருஷம், மகன் கால்கரியில். சுப்பீரியர் ஏரிக்கரையில் ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய இடத்தில் ஐனோ தன் கையால் வீடும், சவுனா என்கிற நீராவிக் குளியலறையும் கட்டியிருந்தார். இப்போது நாலு லட்சத்து எண்பதாயிரம் பெறும். ஒருவருக்கு ஒரு வீட்டுக்குத்தான் வரிவிலக்கு; அது டவுனில் இருந்த சொந்த ஃபிளாட்டுக்குப் போய்விடும், இதற்குக் கிடையாது.

"இப்ப வித்தா பத்தொன்பதாயிரம் மிச்சம், ஐலி அம்மா. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனா எல்லாம் மகன் தலையில விழும்."

"நான் என்னிக்கு சாகணும்னும் அந்தத் தாள்ல போட்டிருக்கா?"

"விளையாடாதீங்க."

"கோடை பூரா நான் எங்கடா போறது? பால்கனியில உக்காந்து கார் நிக்கிறதப் பாக்கவா?"

மூன்றாவது தடவை பேசும்போது ராய்மோ தன் அப்பாவின் கதையைச் சொன்னார்.

"உங்கம்மா அழுதது எனக்கும் ஞாபகம் இருக்கு. சரி, தாளக் கொண்டா."

கெடுவுக்கு முன் விற்கத் துடிப்பவர்கள் நிறைய என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரியும். டொரண்டோ பல்டாக்டர் ஒருவர் இருபதாயிரம் குறைத்து, ஜூன் 19 அன்று வாங்கினார். அந்தக் கோடையில் ஐலி எங்கும் போகவில்லை. செப்டம்பரில் சவுனாவை இடித்துவிட்டார்கள் என்று ஏரிக்கரைப் பக்கத்து வீட்டுக்காரர் ஐலிக்குப் போனில் சொன்னாராம்.

அடுத்த மார்ச்சில் அந்த வரி உயர்வையே அரசாங்கம் கைவிட்டது. ராய்மோ செய்தியை இரண்டு தரம் படித்தார்.

"ஐலி அம்மா பேப்பர்ல பாத்துக்குவாங்க, விடுங்க" என்றேன்.

"நான்தானே சொன்னேன். நான்தான் இதையும் சொல்லணும்."

நானும் கூடப் போனேன். ஐலி காபியும் ஏலக்காய் பன்னும் வைத்தார்.

"ரத்து பண்ணிட்டாங்க, ஐலி அம்மா. அந்த வரி வரவே போறதில்ல."

"அப்ப வீடு?"

ராய்மோ தலை குனிந்தார். "திட்டிடுங்க."

"திட்டினா உனக்குப் பாரம் குறைஞ்சிடும். நான் திட்டல. காபி ஆறுது, குடி."

வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ராய்மோ பல்டாக்டருக்கு எழுதினார். விற்பதாக இல்லை என்று வக்கீலிடமிருந்து ஒருவரிப் பதில் வந்தது.

நவம்பரில் ஐலி தூக்கத்திலேயே போய்விட்டார். மகன் பௌலி கால்கரியிலிருந்து வந்து, எங்கள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ராய்மோவின் கையைக் குலுக்கினான்.

"அம்மா முன்னாடியே வித்தது நல்லதாப் போச்சு சார். எனக்கு அலைச்சல் மிச்சம். ரொம்ப நன்றி."

ராய்மோ அவனை வாசல்வரை கொண்டுவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். மாதக் கடைசியில் வாடிக்கையாளர்களை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தொழிலை விட்டார். நான் போன் செய்தால் எடுப்பார். பனி எவ்வளவு பெய்தது என்று கேட்பார். அதற்கு மேல் பேச்சு வளராது.