பல்லில்லா வண்டியும் பல் டாக்டரும்

காரில் ஏறி உட்கார்ந்ததும் பல் டாக்டர் இடது கால் ஷூவைக் கழற்றிப் பின்சீட்டில் போடுகிறார். பிறகு அந்தக் காலை மடித்து இருக்கையின் மேலேயே வைத்துக்கொள்கிறார். வலது கால் மட்டும் பணியில் இருக்கிறது. இடது கால் ஓய்வு பெற்றுவிட்டது. ஓய்வு பெற்ற அதிகாரி பழைய ஆபீசுக்கு வந்து தம் நாற்காலியைத் தேடுவதுபோல அது இன்னும் கிளட்சைத் தேடுகிறது. தேடிப் போனால் அகப்படுவது பிரேக். முதல் வாரத்தில் அது ஓங்கி ஒரு மிதி மிதித்து, பக்கத்தில் இருந்த கணவரை முன்கண்ணாடிக்கு முத்தமிடும் தூரம்வரை அனுப்பி வைத்தது. அதன் பிறகுதான் இந்த வீட்டுக்காவல்.

டாக்டருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. குட்டை உருவம், ஸ்டியரிங்குக்கு மேல் முகம் தெரிய ஒரு மெத்தை வேண்டும். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய கிளினிக். வாயில் பஞ்சோடு படுத்திருப்பவர்களுக்குப் வளைவில் திரும்பும்போது பிரேக்கை எப்போது விட வேண்டும் என்று விளக்குவது அவர் வழக்கம். மறுத்துப் பேச முடியாத நிலையில் இருக்கும் ஆட்களிடம் மட்டுமே அவர் காரைப் பற்றிப் பேசுகிறார் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அது உண்மையில்லை. மறுத்துப் பேசக்கூடியவர்களிடமும் பேசுவார். அவர்களை மறுக்க விடமாட்டார், அவ்வளவுதான். நோயாளிகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கியர் டாக்டர்.

அந்தப் பெயருக்கு அவர் கால் நூற்றாண்டாக உழைத்திருக்கிறார். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டியை ஓட்டுகிறவர்களை அவர் ஓட்டுநர்கள் என்று சொல்வதில்லை. "முன்சீட்டுப் பயணிங்க" என்பார். மின்சாரக் கார் வந்தபோது அதற்கும் ஒரு தீர்ப்பு தயாராக இருந்தது: "அது வண்டியா? சக்கரம் வச்ச செல்போன்." இவ்வளவு உறுதியான கொள்கை உடைய ஒருவர் ஒருநாள் மாலை கணவரையும் கூட்டிக்கொண்டு மின்சாரக் கார் விற்கும் கடைக்குள் நுழைந்தார் என்றால், குறை கண்டுபிடிக்கத்தான். அந்தக் காரின் வேகத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறதே, நான்கு குறையாவது கையில் இல்லாமல் எப்படித் திட்டுவது?

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். ஆளில்லாத நேர்சாலை வந்தது. டாக்டர் வலது காலை அழுத்தினார். அடுத்து நடந்ததைக் கணவர் இப்படிச் சொல்கிறார்: சாலை அதே இடத்தில்தான் இருந்தது, வண்டியும் இருந்தது, தம்முடைய வயிறு மட்டும் கடை வாசலிலேயே நின்றுவிட்டது. டாக்டர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து அதே சாலையில் மறுபடியும் அழுத்தினார். அதன் பிறகும் குறைகள் கிடைக்காததால் வேறு வழியின்றி வாங்கிவிட்டார்.

கொள்கை மாறியதா என்று கேட்டால் இல்லை என்பார். வண்டிதான் மாறி வந்து தம் கொள்கையோடு சேர்ந்துகொண்டது என்பது அவர் தரப்பு. "பழைய வண்டிகிட்ட கேக்கணும். அது யோசிச்சு, தொண்டையைச் செருமி, அப்புறம் கிளம்பும். இதுகிட்ட நினைச்சாலே போதும்." பல்லைக் குடையும் கருவியையும் அவர் காலால் மிதித்துத்தான் இயக்குகிறார். ஆகையால் இந்த மிதிப்பின் நுணுக்கம் தமக்கு முன்பே கைவந்தது, சரியாகச் சொன்னால் கால்வந்தது, என்று ஒரு கர்வம். நரம்பு பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்து மிதிக்க வேண்டுமாம். கனமான வண்டிதான், ஆனால் கனமெல்லாம் தரையை ஒட்டிப் படுத்திருப்பதால் வளைவில் சாய்வதே இல்லை என்று, கடைவாய்ப்பல் பிடுங்க வந்த ஒருவரைக் காத்திருக்க வைத்துவிட்டு, தட்டில் இருந்த கருவிகளை வரிசையாக அடுக்கிக் காட்டினார். காலை எடுத்தாலே வேகம் தானாகக் குறைகிறது. குறையும் வேகமெல்லாம் மின்சாரமாகி மறுபடி உள்ளே போகிறது. வரி ஆலோசகரான கணவருக்கு அந்த வண்டியில் பிடித்த ஒரே விஷயம் இதுதான். "வாங்கினதைத் திருப்பித் தருது. இந்த மாதிரி ஒரு அரசாங்கத்தை நான் பார்த்ததே இல்லை" என்று, வயிறு ஊர் வந்து சேர்ந்த நாள்களில் சொல்வார்.

அவருக்கு இருந்த குறை வேறு. "முன்னாடியெல்லாம் வண்டி கத்தும். சரி, இவ ஆரம்பிச்சுட்டான்னு நான் கம்பியைப் பிடிச்சுக்குவேன். இப்ப யாரு எனக்குச் சொல்றது?" டாக்டர் அதைச் சிரித்துத் தள்ளிவிட்டார். அதே கேள்வி வேறொருவர் வாயிலிருந்து வந்தபோது அவரால் சிரிக்க முடியவில்லை.

அந்த வேறொருவர், டாக்டரின் பழைய காரை வாங்கியவர். கட்டட ஒப்பந்தக்காரர். டாக்டருக்குத் தம்பி முறையாகப் பழகுகிற ஆள். வாரந்தோறும் கார் பிரியர்கள் கூடும் கழகத்துக்குச் செயலாளர். கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ரப்பர் கூம்புகளை நட்டு வளைவுகள் அமைத்து, ஞாயிறு காலைகளில் அங்கே சுற்றிச் சுற்றி வருவது கழகத்தின் பணி. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கு இத்தனை பெட்ரோலா என்று வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். அது, விஷயம் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி.

கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய முதல் சுற்றை உள்ளவர்களில் சிறந்த ஓட்டுநர் முன்னால் போய் நடத்துவார். மற்ற எல்லாரும் வரிசையாகப் பின்னால் வருவார்கள். தரை ஈரமா, காய்ந்திருக்கிறதா, எந்த வளைவில் எந்த கியர் என்பதெல்லாம் முன்வண்டியின் இன்ஜின் குரலைக் கேட்டே பின்னால் வருகிறவர்களுக்குப் பிடிபடும். அது உறுமினால் இவர்களும் மாற்றுவார்கள்; அது தணிந்தால் இவர்களும் தணிவார்கள். சுற்றின் கடைசியில் நேர்சாலை. அங்கே வரிசை கலையும். அதற்கு மேல் அவரவர் கால், அவரவர் பாடு. இந்த முன்வண்டி உரிமையை டாக்டர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பெண்கள் பின்சீட்டில் உட்காரத்தான் வருவார்கள் என்று நம்பியிருந்த ஒரு கூட்டத்தின் முன்னால் ஒவ்வொரு ஞாயிறும் முதல் ஆளாகப் போவது என்பது, பல் மருத்துவப் பட்டத்தைவிட அவருக்குப் பெரிய பட்டம்.

புது வண்டியோடு அவர் முதன்முதலாக ஓடுதளத்தில் வந்து இறங்கியபோது ஒப்பந்தக்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "கியர்ங்கறது என்ன, பல்சக்கரம். ஊருக்கெல்லாம் பல்லு கட்டற டாக்டரம்மா, தனக்குன்னு பல்லே இல்லாத வண்டியை வாங்கிட்டாங்க பாருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் பக்கத்துக் கதவைத் திறந்து, ஏறச் சொன்னார்.

அந்தச் சவாரியில் டாக்டர் தம் வெற்றியைத் தாமே கெடுத்துக்கொண்டார். மோட்டார் வேகம் எடுத்தபோது மெல்லிய ஒரு ரீங்காரம் எழுந்தது. பல்லைக் குடையும் கருவியின் அதே சுருதி. பல வருடமாக அவரிடம் பல் காட்டி வரும் ஒப்பந்தக்காரர், அது காதில் விழுந்ததும் தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்துவிட்டார். திறந்ததை டாக்டர் பார்த்துவிட்டார் என்பதையும் அவர் பார்த்துவிட்டார். அத்தோடு நின்றிருந்தால் அன்று டாக்டரின் நாள். ஆனால் வீட்டுக்காவலில் இருக்க வேண்டிய இடது கால், கூட்டத்தின் முன்னால் சம்மணமிட்டு உட்காருவது மரியாதை இல்லை என்று அன்று கீழே இறக்கப்பட்டிருந்தது. திரும்பி வந்து வரிசைக்கு முன்னால் அழகாக நிறுத்தப் போகும்போது அது கிளட்சைத் தேடிற்று. வண்டி நடுவில் குத்திட்டு நின்றது. ஒப்பந்தக்காரரின் கறுப்புக் கண்ணாடி மூக்கிலிருந்து கழன்று, எல்லாருக்கும் தெரியும்படி டாஷ்போர்டில் போய் உட்கார்ந்தது.

பிறகு நடந்த கழகக் கூட்டத்தில் ஒப்பந்தக்காரர் எழுந்தபோது அதைப் பற்றிப் பேசவே இல்லை. அதுதான் டாக்டருக்குக் கவலையாக இருந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

"முன்னாடி போற வண்டி சத்தமே போடலைன்னா, பின்னாடி வர்றவன் எதைக் கேட்டு கியர் மாத்துவான், டாக்டரம்மா?"

 டாக்டர் முன்னால் போக வேண்டுமானால் சத்தம் உள்ள வண்டி வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு முதல் ஒப்பந்தக்காரர் முன்னால் போவார் என்று முடிவாயிற்று. எந்த வண்டியில்? டாக்டரின் பழைய வண்டியில். தான் வளர்த்த கடா தன் மார்பிலேயே பாய்வது என்பார்கள். இங்கே விற்ற கடா பாய்ந்தது.

வண்டியைச் செய்தவர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். திரையில் ஒரு இடத்தைத் தொட்டால் ஒலிபெருக்கி வழியாக இன்ஜின் சத்தம் வரும். டாக்டர் அதைப் போட்டுக் கேட்டார். உறுமியது, செருமியது, இல்லாத கியரை மாற்றியது. தெருமுனை வருவதற்குள் அணைத்துவிட்டார். "பொய்ப்பல்லு கட்டுவேன். பொய்ச்சத்தம் கட்ட மாட்டேன்" என்று கணவரிடம் சொன்னார். சரி, விட்டுவிடு, பின்னால் போனால் என்ன குறைந்துவிடும் என்று கணவர் ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தார். 

வாரத்தின் நடுவில் ஒப்பந்தக்காரர் கிளினிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பகை ஓடுதளத்தோடு சரி. பல்வலிக்குக் கட்சி கிடையாது. ஆனாலும் நாற்காலி பின்னால் சாய்ந்தபோது அவர் முகத்தில், எதிரியின் வீட்டுக்குச் சாப்பிடப் போனவனின் களை தெரிந்தது. டாக்டர் ஊசி போட்டு, பஞ்சை அடைத்து, எல்லாரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னார்.

"வாயைத் திறந்து பேச வேண்டாம், தம்பி. ஏதாவதுன்னா கையால சொல்லுங்க."

கருவி ரீங்கரித்தது. கொஞ்ச நேரத்தில் ஒப்பந்தக்காரரின் கை மேலே எழுந்தது. இரண்டு விரல்களை விரித்துக் காட்டினார்.

"ரெண்டாவது பல்லா?"

தலை ஆடியது. டாக்டர் கருவியை நிறுத்திவிட்டு, பல்லைப் பார்க்காமல் அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த நேரம் சற்று அதிகமாகிவிட்டதால் ஒப்பந்தக்காரருக்கு வியர்த்தது. பிறகு டாக்டர் முகக்கவசத்துக்குள் சிரித்து, ரொம்ப நன்றி என்றார். எதற்கு என்று கேட்கும் நிலையில் அவர் வாய் இல்லை. அன்று அவருக்கு வலிக்கவே இல்லை என்பதை அவரே பிறகு நான்கு பேரிடம் சந்தேகத்தோடு சொன்னார்.

ஞாயிறு காலை ஓடுதளத்தில், பழைய கார் வரிசையின் தலையில் உறுமிக்கொண்டிருந்தது. டாக்டரின் வண்டி சத்தமில்லாமல் வந்து அதற்கும் முன்னால் நின்றது. ஒப்பந்தக்காரர் இறங்கி வந்து, முடிவானதை மறந்துவிட்டீர்களா என்று தணிவாகத்தான் கேட்டார்.

"ஒரே ஒரு சுத்து. ஒருத்தராவது கியர் தப்பா மாத்தினா, இனிமே நான் உங்க பின்னாடிதான் வருவேன்" என்றார் டாக்டர். "நீங்க நேரா என் பின்னாடி வாங்க. காதுக்கு வேலை இல்லை. கண்ணை மட்டும் திறந்து வச்சுக்குங்க."

இடது கால் மடிக்கப்பட்டது, இம்முறை கூட்டத்தைப் பற்றிய கவலையே இல்லாமல். சன்னல் கண்ணாடி கீழே இறங்கியது. டாக்டர் சன்னல் பக்கக் கையை வெளியே நீட்டினார். ஒரு விரல். வரிசை நகர்ந்தது.

கொஞ்சம் வேகம் ஏறியதும் இரண்டு விரல். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. அதற்கு அடுத்து, அத்தனை வண்டிகளும் இரண்டாவது கியருக்கு மாறும் ஓசை முன்னும் பின்னுமாகக் கேட்டது. மூன்று விரல். முதல் வளைவு நெருங்கும்போது, கூம்புகளுக்கு வெகு முன்பே, விரல் இரண்டாகக் குறைந்தது. வளைவின் நடுவில் கை அசையாமல் நின்றது. வெளியே வரும் இடத்தில் மூன்று. ஒரு கியரும் இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு, பின்னால் வரும் அத்தனை வண்டிகளின் கியரையும் அந்த ஒரு கை மாற்றிக்கொண்டு போயிற்று. இரண்டாம் வளைவில் சிரிப்பு நின்றுவிட்டது. சிரிக்க நேரமில்லை, விரலைப் பார்க்க வேண்டியிருந்தது.

தம் வண்டியில் சத்தம் இல்லாததால் டாக்டருக்கு எல்லாம் கேட்டது. டயர் மணலை அரைப்பது, காற்று மணிக்கட்டில் மோதுவது, நேர் பின்னால் வரும் பழைய காரின் குரல். இத்தனை வருடம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர், அது வெளியிலிருந்து எப்படி ஒலிக்கும் என்பதை அறிந்ததே இல்லை. வாங்கிய நாள் முதல் மூன்றாவது கியரில் அதை நறநறவென்று பல்லைக் கடிக்க வைத்த ஒப்பந்தக்காரர், இன்று விரலைப் பார்த்து மாற்றியபோது அது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது. தரமான வண்டி என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். விற்றதற்காக வருத்தப்படவில்லை, விற்றது நல்ல சரக்குதான் என்று பெருமைப்பட்டார்.

கடைசி வளைவு. இரண்டு. மூன்று. ஒரு தவறும் இல்லாமல் வரிசை நூல் பிடித்தாற்போல வந்துகொண்டிருந்தது. எதிரே நேர்சாலை விரிந்தது. நான்கு விரல்கள். பின்னால் எல்லா வண்டிகளும் ஒரே குரலில் மாறின. பெருவிரலும் சேர்ந்து ஐந்து விரிந்தது. பழைய கார் தன் கடைசி கியருக்குப் போய், இருக்கும் தொண்டையை எல்லாம் திறந்து முழங்கிற்று. அதற்கு மேல் காட்ட விரலும் இல்லை, மாற்ற அவர்களிடம் கியரும் இல்லை.

டாக்டர் கையை உள்ளே இழுத்துக்கொண்டு, சன்னல் கண்ணாடியை மேலே ஏற்றி, வலது காலை அழுத்தினார்.